மாறுவதும் மாறாததும்

(பொறியியல் மாணவர்களின் தமிழ் மன்றம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வலைப்பக்க வார்ப்புருக்களைப் பற்றித் தமிழில் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று இம்மன்றத்தின் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டபோது, இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்ற சந்தேகமும், பேசினால் யார் கேட்பார்கள் என்ற அச்சமும் ஒருங்கே எழுந்தன என்றாலும், இருபது வருஷ காலம் இந்த ஒரே காரியத்தில் கையைச் சுட்டுக்கொண்டவன் என்ற முறையில், சுட்ட இடங்களையாவது காட்டிவிட்டுப் போகலாமே என்று ஒப்புக்கொண்டேன். நீங்கள் டெம்ப்ளேட் என்று சொல்வதைத்தான் நான் வார்ப்புரு என்கிறேன். நடுநடுவே பழக்கதோஷத்தால் டெம்ப்ளேட் என்றே வாயில் வந்துவிட்டால் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தமிழாசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும்.

வீட்டில் தீபாவளிக்கு முறுக்குப் பிழியும் நாழியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாழி ஒன்றுதான், அடியில் செருகும் தட்டை மாற்றினால் தேன்குழலும் வரும், ஓமப்பொடியும் வரும், ரிப்பன் பக்கோடாவும் வரும். லட்சம் கட்டுரைகளை உடைய ஒரு பத்திரிகைத் தளத்தில் லட்சம் பக்கங்களையும் யாரும் உட்கார்ந்து எழுதி வைப்பதில்லை. கட்டுரைக்கு ஒன்று, பகுதிக்கு ஒன்று, முகப்புக்கு ஒன்று என்று பத்துப் பன்னிரண்டு அச்சுகள் இருக்கின்றன, அவற்றில் மாவு மாறி மாறி வந்து விழுகிறது. ஆகவே ஒரு கட்டுரையில் நேர்ந்த பிழை அந்தக் கட்டுரையோடு போய்விடும். வார்ப்புருவில் நேர்ந்த பிழையோ லட்சம் பக்கத்திலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பக்கம் மந்தமாக இருக்கிறது என்று புகார் வந்தவுடன் பெரிய சர்வராக வாங்கிப் போடலாம் என்று கிளம்புகிறவர்கள், நாழியில் தட்டு அடைத்துக்கொண்டிருக்கும்போது இன்னும் பலசாலியான ஆளைக் கூப்பிட்டு அமுக்கச் சொல்கிறவர்களே என்பது என் அபிப்பிராயம்.

1991-இல் டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் செய்த வலைத்தளம் வெளியுலகுக்குத் திறந்தபோது பக்கங்கள் கையாலேயே எழுதப்பட்டன. பின்னர், 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி. போன்ற கருவிகள் பரவியதும், எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான மேற்பகுதியை ஒரு கோப்பிலும் கீழ்ப்பகுதியை மற்றொரு கோப்பிலும் வைத்து, இடையில் உள்ளதை மட்டும் மாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டாயிற்று. 2005-இல் வேர்ட்பிரஸ் தன்னுடைய 1.5-ஆம் பதிப்பில் தீம் என்னும் முறையைக் கொண்டுவந்தபோது ஹெடர், ஃபூட்டர், சைட்பார் என்ற அந்தப் பாகுபாடே நிலைபெற்று, இன்றைக்கும் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் முதற்பாடமாக இருக்கிறது. தலை, கால், விலா என்று உடம்பைக் கூறு போடுவது போன்ற பாகுபாடு இது; கண்ணுக்கு இயல்பாகத் தெரிவது, மனத்தில் சுலபமாக நிற்பது. ஆனால் வேகத்தை விரும்புகிறவன் பக்கத்தை இடத்தைக் கொண்டு பிரிக்கலாகாது, காலத்தைக் கொண்டு பிரிக்க வேண்டும் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்த விஷயம். மற்றவையெல்லாம் அதன் விவரங்களே.

இதை எனக்குக் கற்பித்தவர் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திராத ஒரு மனிதர். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருக்கோடியில் ஓர் அச்சுக்கூடம் இருந்தது. அங்கே ஒரு வார இதழ் அச்சாகும். பதினாறு பக்கத்துக்கு ஒரு ஃபாரம் என்ற கணக்கில், தொடர்கதையும் துணுக்குகளும் சமையற்குறிப்பும் அடங்கிய ஃபாரங்கள் வாரத் தொடக்கத்திலேயே ஓடி, காய்ந்து, மடிக்கப்பட்டுச் சுவரோரம் அடுக்கில் கிடக்கும். தலையங்கமும் ஊர்ச் செய்தியும் உள்ள ஒரே ஒரு ஃபாரம் மட்டும் கடைசி இரவு வரை மேஜைமேல் இறுக்கப்படாமல் காத்திருக்கும். ஆசிரியர் எந்த விஷயத்தைக் கொண்டுவந்து கொடுத்தாலும், அது எத்தனை பக்கம், எந்த மூலையில் வரவேண்டும் என்பதையெல்லாம் பின்னால் வைத்துக்கொண்டு, ஃபோர்மேன் முதலில் கேட்கும் கேள்வி, "இது இனிமே மாறுமா சார்?" என்பதுதான். மாறக்கூடியது ஒரு வரியானாலும் அது அந்தக் கடைசி ஃபாரத்துக்குப் போகும். சீக்கிரம் ஓட வேண்டிய ஃபாரத்தில் அப்படிப்பட்ட ஒரு வரி அகப்பட்டுவிட்டால், அந்த ஒரு வரிக்காகப் பதினாறு பக்கமும் காத்துக்கிடக்க நேரும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்த ஒரு வரியை எங்கள் தளத்தில் நாங்களே கொண்டுபோய் ஹெடரில் வைத்தோம். அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் இங்கு அவசியமில்லை. தவறு செய்தவர்களில் நானும் ஒருவன் என்பது போதும். பக்கத்தின் உச்சியில் வலப்புறமாக, உள்நுழைந்த வாசகரின் பெயரைச் சொல்லி வணக்கம் கூறும் ஒரு வரி. அதை ஒட்டித் தமிழ்த் தேதி. அதற்கும் கீழே, இந்த நிமிஷத்தில் எத்தனை பேர் தளத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டும் ஓர் எண். மூன்றும் சேர்ந்து இரண்டு அங்குலத்துக்கு மேல் இடம் பிடிக்கவில்லை. ஆனால் காலத்தின் கண்ணோடு பாருங்கள்: பெயர் ஆளுக்கு ஆள் மாறுவது, தேதி நாளுக்கு ஒருமுறை மாறுவது, எண்ணோ க்ஷணத்துக்கு க்ஷணம் மாறுவது. இவற்றுக்குக் கீழே எழுதியவர் கையெழுத்திட்டுக் கொடுத்த நாளிலிருந்து ஓர் எழுத்தும் மாறாத இரண்டாயிரம் சொற்கள் கொண்ட கட்டுரை இருக்கிறது. அந்தக் கட்டுரையை ஒவ்வொரு வாசகர் வரும்போதும் டேட்டாபேஸிலிருந்து எடுத்து, வார்ப்புருவில் ஊற்றி, புதிதாகப் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தோம், மேலே உள்ள அந்த இரண்டு அங்குலத்தின் நிமித்தம்.

ஒருமுறை தயாரித்த பக்கத்தை நினைவில் வைத்திருந்து, அடுத்து வருகிறவருக்கு அதையே எடுத்து நீட்டும் உபாயத்துக்குத்தான் கேஷ் என்று பெயர். நார்வே நாட்டின் வெர்டென்ஸ் காங் என்னும் பத்திரிகையின் இணையப் பதிப்புக்காக 2006-இல் பவுல்-ஹென்னிங் காம்ப் என்பவர் முக்கிய ஆசிரியராக இருந்து எழுதிய வார்னிஷ் என்ற மென்பொருள், அதற்குமுன் பன்னிரண்டு இயந்திரங்கள் செய்துவந்த வேலையை மூன்று இயந்திரங்களைக் கொண்டு செய்து காட்டியது. அதே வார்னிஷை நாங்களும் கொண்டுவந்து சர்வருக்கு முன்னால் நிறுத்தினோம். ஒரு பயனும் விளையவில்லை. காரணம் மிக நியாயமானது. வாசகரை அடையாளம் காட்டும் குக்கி என்ற சீட்டு ஒட்டிக்கொண்டு வரும் கோரிக்கையைக் கண்டால், இது ஒருவருக்கென்றே தயாரிக்க வேண்டிய பக்கமாக இருக்கலாம் என்று அஞ்சி, நாமாக வேறு உத்தரவு கொடுத்தாலன்றி, அது கேஷிலிருந்து கொடுக்காமல் உள்ளே அனுப்பிவிடும். எங்கள் வாசகர் எல்லோரிடமும் குக்கி இருந்தது.

இந்த இடத்தில் நிதானித்து வார்ப்புருவைப் பிரித்திருக்க வேண்டும். நாங்கள் செய்ததோ வேறு: குக்கியைப் பொருட்படுத்த வேண்டாம் என்று வார்னிஷுக்கு ஓர் உத்தரவைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினோம். மறுநாள் விடிகாலையில் தளத்துக்கு முதன்முதலாக வந்து முகப்பைத் திறந்தவர் ஒரு மாமி. அவருடைய பெயரோடு தயாரான முகப்பு கேஷில் போய் அமர்ந்துகொள்ள, ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எங்கள் தளம் தன்னை நாடி வந்த ஆண், பெண், வெளிநாட்டுத் தமிழர், விளம்பரதாரர் அத்தனை பேரையும் அந்த மாமியின் பெயரைச் சொல்லியே வணங்கி வரவேற்றது. பெயரோடு போயிற்றே என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் ஒருவருடைய வங்கிக் கணக்கின் இருப்பு இருந்திருந்தால் நான் இப்போது வேறு சபையில், வேறு விதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

பிறகுதான் ஃபோர்மேனின் கேள்வியை ஒவ்வொரு வரியின்மேலும் போட்டுப் பார்த்தோம். ஆளுக்கு ஆள் மாறும் பெயரை ஹெடரிலிருந்து முற்றிலும் அகற்றி, அந்த இடத்தில் அளவு நிச்சயிக்கப்பட்ட ஒரு வெற்றுப் பெட்டியை மட்டும் விட்டோம். பக்கம் வாசகரின் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, பிரவுசரிலிருந்து ஒரு சிறிய ஸ்கிரிப்ட் தனியே சென்று பெயரைக் கேட்டு வாங்கி அதில் எழுதியது. (சர்வர் தரப்பிலேயே பக்கத்தில் ஓட்டை விட்டு, கொடுக்கும் நேரத்தில் அதை நிரப்பும் ஈ.எஸ்.ஐ. என்ற முறையும் 2001 முதல் இருக்கிறது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.) தமிழ்த் தேதி நள்ளிரவில் மாறுவதா, சூரியோதயத்தில் மாறுவதா என்று அலுவலகத்தில் இரண்டு நாள் சர்ச்சை நடந்தது, வேகத்துக்கு இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி, நாளுக்கு ஒருமுறை மட்டும் புதுப்பிக்கும்படி செய்தோம். படிப்போர் எண்ணிக்கையை எடுத்தே விட்டோம். அது எங்கே போயிற்று என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வார்ப்புருவில் செய்யக்கூடிய சீர்திருத்தங்களில் தலைசிறந்தது எடுத்துவிடுவதுதான் என்பதை அன்று அறிந்தேன்.

ஆனால் முழுப் பக்கத்தையும் கேஷில் வைக்கும் பாக்கியம் எல்லாத் தளங்களுக்கும் கிட்டாது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும் தளம் என்றால், ஆளுக்கு ஆள் வேறு பக்கம், நிமிஷத்துக்கு நிமிஷம் புதிய குறிப்பு. இந்த நிலையில் பேஸ்கேம்ப் என்னும் தளத்தை 2012-இல் புதிதாக எழுதியபோது டேவிட் ஹைன்மயர் ஹான்சனும் அவருடைய தோழர்களும் கையாண்ட உபாயம் மிக அழகானது. ரஷ்ய மரப்பாவையைத் திறந்தால் உள்ளே ஒரு பாவை, அதனுள் இன்னொரு பாவை என்று வருமல்லவா? அதுபோலத் திட்டம் என்ற பெரிய துண்டுக்குள் பட்டியல், பட்டியலுக்குள் ஒவ்வொரு வேலையும் என்று வார்ப்புருவை அடுக்கி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே கேஷில் வைத்தார்கள். துண்டுக்கு வைக்கும் பெயரிலேயே அது கடைசியாகத் திருத்தப்பட்ட நேரத்தையும் சேர்த்துவிட்டதனால், ஒரு வேலை திருத்தப்பட்டவுடன் அதன் பெயரும் அதைச் சுற்றியுள்ள பாவைகளின் பெயரும் மாறிவிடும். பழைய பெயரில் உள்ளதை யாரும் கேட்கப்போவதில்லையாதலால் அதை அழிக்கும் கவலையே இல்லை. அந்தப் பழையது கேஷில் சில காலம் கிடந்து, இடம் போதாதபோது தானே வெளியே தள்ளப்படும். புதிய பெரிய பாவையைச் செய்யும்போது திருத்தப்படாத சகோதரப் பாவைகள் எல்லாம் உள்ளபடியே எடுத்துச் செருகப்படுகின்றன. புதிதாகச் சமைப்பது ஒரே ஒரு துண்டுதான். வார்ப்புரு முதலிலேயே காலத்தின்படி பிரிக்கப்பட்டிருக்காவிட்டால் எவ்வளவு பெரிய நிபுணனும் இதைப் பின்னால் கொண்டுவந்து ஒட்டவைக்க முடியாது.

கேஷ் என்பது வைத்தியத்தில் ஒரு பாதிதான். முதல் தடவை பக்கத்தைச் சமைக்கும்போதே ஏன் தாமதமாகிறது என்பது மற்றப் பாதி. இதற்கு நான் கல்யாணப் பந்தியைத்தான் உதாரணம் சொல்வது வழக்கம். பரிமாறுகிறவன் கையில் வாளியும் கரண்டியும் இருக்க வேண்டும், இலைக்கு இலை, "உங்களுக்கு உப்பு வேண்டுமா? இருங்கள்" என்று கேட்டுவிட்டு, ஒவ்வொருவருக்காகவும் தனித்தனியே கடைத்தெருவுக்கு ஓடுகிறவனைப் பந்தியில் நிறுத்தினால் என்ன ஆகும்? எங்கள் பகுதிப் பக்கத்தில் இருபது கட்டுரைகளின் பட்டியல் உண்டு. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் அட்டை. அந்த அட்டைக்கென்று ஒரு குட்டி வார்ப்புரு. அதற்குள் எழுதியவர் பெயரைப் போடு என்று ஒரு வரி, பகுதியின் பெயரைப் போடு என்று ஒரு வரி. பார்ப்பதற்குப் பரம சாதுவான வரிகள். ஆனால் பெயரைப் போடு என்ற அந்த வரி, பெயர் கையில் இல்லாததனால், ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸுக்கு ஓடியது. பட்டியலுக்கு ஒரு கேள்வி, எழுதியவர்களுக்கு இருபது, பகுதிகளுக்கு இருபது, ஆக நாற்பத்தொரு கேள்விகள்! அந்த இருபது கட்டுரைகளையும் எழுதியவர்கள் மொத்தம் ஐந்தே பேர். பட்டியலை எடுத்தவுடன் அதில் வரும் எழுத்தாளர் அத்தனை பேரையும் ஒரே கேள்வியிலும், பகுதிகளை இன்னொரு கேள்வியிலும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகே வார்ப்புருவைக் கூப்பிடும்படி மாற்றியதும், நாற்பத்தொன்று மூன்றாயிற்று.

இந்தக் குற்றம் கண்ணில் படாமல் இருந்ததற்கு, வார்ப்புருவை அழகாகப் பிரித்திருந்ததே காரணம் என்பதுதான் வேடிக்கை. அட்டை ஒரு கோப்பில், அதைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும் சுற்று மற்றொரு கோப்பில். அட்டையைப் படிக்கிறவனுக்கு அது இருபது தடவை ஓடப்போகிறது என்று தெரியாது, சுற்றைப் படிக்கிறவனுக்கு அட்டைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆகையால் எங்கள் குழுவில் ஒரு சட்டம் செய்தோம்: வார்ப்புரு கொடுத்ததைப் போடலாம், கொடுக்காததைத் தேடிப் போகக் கூடாது. இருபது கோப்பாக இருக்க வேண்டியதை இருநூறு கோப்பாக உடைத்து வைக்கும் சுத்தக்காரர்களும் உண்டு. அவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

இனி, ஹெட் எனப்படும் தலைப்பகுதி (கண்ணில் படும் ஹெடர் வேறு). பந்தியில் சோறு வடிக்கும் வரையில் யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. இலை விரித்து, தண்ணீர் தெளித்து, உப்பும் ஊறுகாயும் வைத்துவிடுகிறோம். பக்கத்தின் தலைப்பகுதியும் அப்படிப்பட்டதே. கட்டுரை தயாராவதற்கு முன்பே அதை அனுப்பிவிட்டால், பிரவுசர் அதற்குள் சி.எஸ்.எஸ். கோப்பையும் எழுத்துருவையும் வரவழைக்கும் வேலையில் இறங்கிவிடும். அதில் எதை முதலில் வைப்பது என்பதிலும் நியாயம் இருக்கிறது. இந்தப் பக்கம் எந்தக் குறியீட்டில் எழுதப்பட்டது என்று அறிவிக்கும் வரி முதல் 1,024 பைட்டுகளுக்குள் முழுவதும் அடங்க வேண்டும் என்பது எச்.டி.எம்.எல். விதி. விளம்பரக் கம்பெனி கொடுத்த ஸ்கிரிப்டை முதலில் ஒட்டிவிட்டு இந்த அறிவிப்பை அதற்குக் கீழே தள்ளிய பக்கங்களில், தமிழ் புரியாத எழுத்துக் குப்பையாகக் காட்சியளிக்கும் அபாயம் உண்டு.

தமிழ் என்றதும் ஒரு கணக்கு நினைவுக்கு வருகிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு யு.டி.எஃப்-8 முறையில் ஒரு பைட் போதும். தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். 'தமிழ்' என்ற சொல்லில் நம் கணக்குப்படி மூன்று எழுத்துகள். இயந்திரத்தின் கணக்குப்படி, இகரக் குறியையும் புள்ளியையும் தனியே எண்ணுவதால், ஐந்து குறியீடுகள், ஆகப் பதினைந்து பைட்டுகள். சர்வர் ஒரு புதிய தொடர்பில் முதல் தவணையாக, பதிலுக்குக் காத்திராமல், ஏறக்குறைய 14,600 பைட்டுகளை அனுப்பலாம் என்பது 2013 முதல் வழங்கும் ஏற்பாடு. அந்தத் தவணையில் அடங்காதது, வாசகரின் கருவியிலிருந்து பதில் போய்ச் சேர்ந்த பிறகே புறப்படும். ஆனால் மனம் தளர வேண்டாம்: நம் குறியீடுகள் அனைத்துக்கும் முதல் பைட் ஒன்றேதான், இரண்டாவதும் இரண்டில் ஒன்றுதான். ஆகவே ஜி-ஜிப் என்னும் சுருக்கும் முறைக்குத் தமிழ் பிரமாதமாகச் சுருங்கிக் கொடுக்கும். சுருங்காமல் நின்று அந்த முதல் தவணையை அடைத்துக்கொள்வது பெரும்பாலும், படத்தையே எழுத்துகளாக மாற்றி வார்ப்புருவுக்குள் திணித்து வைக்கும் பழக்கம்தான். எங்கள் ஹெடரில் இதழின் சின்னம் அப்படி இருந்தது. தனிக் கோப்பாக வெளியே எடுத்தோம்.

படங்களைப் பற்றி ஒன்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். திரைக்குக் கீழே உள்ள படத்தை, வாசகர் அங்கே வந்து சேரும் வரையில் தருவிக்காமல் ஒத்திப்போடும் லேசி லோடிங் என்ற வசதியை வேர்ட்பிரஸ் 2020 ஆகஸ்டில், 5.5-ஆம் பதிப்பில், உயரமும் அகலமும் குறிக்கப்பட்ட படங்கள் அனைத்துக்கும் தானாகவே போட்டுவிட்டது. நல்ல நோக்கம்தான். ஆனால் கட்டுரையின் உச்சியில், கண் முதலில் விழும் பெரிய படத்துக்கும் அதே ஒத்திவைப்புக் கிடைத்து, பக்கம் முன்னிலும் தாமதமாகத் தோன்றலாயிற்று. 2022 ஜனவரியில் வந்த 5.9-ஆம் பதிப்பில் முதற்படத்தை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் என்று திருத்தினார்கள். பக்கத்தின் எந்த இடத்தில் தன்னை வைக்கிறார்கள் என்று குட்டி வார்ப்புருவுக்குத் தெரியாது. மணவறையிலும் அதே அட்டை, கொல்லைப்புறத்திலும் அதே அட்டை. நீ முதலாவதா, பதினேழாவதா என்பதைக் கூப்பிடுகிறவன்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். காலத்தைக் கொண்டு பிரி என்றவன் இப்போது இடத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்கிறீர்கள். இங்கும் இடம் என்பது முன்னால் வேண்டியதா, பின்னால் வேண்டியதா என்ற காலக் கணக்கின் வேறு பெயரே.

என்னிடம் ஏழு வருஷத்துப் பழைய போன் ஒன்று இருக்கிறது. திரையில் கீறல், பேட்டரி பாதி நாளுக்கு வராது. வார்ப்புருவில் எந்த மாற்றம் செய்தாலும், அலுவலகத்துப் புதிய கம்ப்யூட்டரில் பார்த்துத் திருப்திப்படாமல், அந்தப் போனை எடுத்துக்கொண்டு மின்சார ரயிலில் ஏறி, சிக்னல் மங்கும் இடத்தில் பக்கத்தைத் திறந்து, தலைப்பு தெரியும் வரையில் மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். முதன்முதலில் எண்ணியபோது பதினொன்று வரைக்கும் திரை வெள்ளையாகவே இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா, "போன் கெட்டுப்போச்சாப்பா?" என்று விசாரித்தார். இன்று மேற்சொன்ன மாற்றங்களுக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு வடிவங்களையும் இதே போனில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். அந்த ஓரத்து விளக்கை யாராவது அணைத்தால், திரையில் போட்டுக் காட்டுகிறேன். நீங்களும் என்னோடு சேர்ந்து எண்ணலாம்.